தட்டும் கூலியும்

எங்கள் தோட்டத்தில் பி.எஸ்ஸி. படித்த முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பிழைக்க நான் பட்ட பாட்டைச் சொல்லவேண்டுமென்றால் இதில்தான் தொடங்கவேண்டும்.

தோட்டம் இலங்கையில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், பஸ் ரோட்டை விட்டு மேலே ஏறிப் போகும் மலையில் இருந்தது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மாவும் அக்காவும் கொழுந்து எடுப்பார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் பிள்ளைகள் தோட்டத்து ஆளாகப் பெயர் பதிந்து வேலைக்குப் போகவேண்டியதுதான். என் விஷயத்தில் மட்டும் அப்பா பிடிவாதமாக நின்றார். முதலில் ஹட்டனில் படிக்க வைத்தார். அது முடிந்ததும் திருச்சியில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மாமா வீட்டுக்கு அனுப்பிக் கல்லூரியில் சேர்த்தார். படித்தவன் விடிகாலைக் குளிரில் பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டியதில்லை. படிப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கங்காணி ஆள் பார்த்து அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம் அந்தப் பெரட்டுக் களம். அப்பா தன் ஆயுசில் பாதியை அங்கேதான் நின்று கழித்திருந்தார்.

நான் பௌதிகம் படித்துத் திரும்பி வந்தது ஐம்பதுகளின் நடுவில். பஸ் நிற்கும் இடத்துக்கு, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயமே இறங்கி வந்திருந்தது. மேளம் ஒன்றுதான் குறை. பி.எஸ்ஸி. என்றால் டாக்டருக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று என்று பலர் நினைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராப் பெரியம்மா வந்து என் முன்னால் உட்கார்ந்து நாக்கை நீட்டினார். எனக்கு வைத்தியம் தெரியாது என்று சொன்னதும், பிறகு இத்தனை வருஷம் அப்படி என்னதான் படித்தாய் என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். அன்றிலிருந்து என் பெயர் தோட்டத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை. நான் எல்லோருக்கும் ‘பி.எஸ்ஸி’ ஆகிவிட்டேன்.

வேலை தேடிப் போன இடத்தில்தான் இன்னொன்று தெரியவந்தது. சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டத்தில் எங்கள் ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆகியிருந்தது. பிரஜையாக வேண்டுமென்றால் மனுப் போடவேண்டும். இத்தனை வருஷமும் இங்கேயே தொடர்ந்து வசித்தேன் என்று காட்டவேண்டும். நான் எங்கே தொடர்ந்து வசித்தேன்? திருச்சியில் உட்கார்ந்து ஒளியின் வேகத்தையல்லவா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்று மலையை விட்டு இறங்காமலே இருந்திருந்தால் குடியுரிமை கிடைத்திருக்கலாம். பட்டம் வாங்கப் போனதால் அது போயிற்று. அது போனதால் அந்தப் பட்டத்துக்கு ஏற்ற அரசாங்க வேலை எதையும் கிட்டே போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். வயதாகிவிட்டது, ஆத்திரப்படக்கூடாது என்கிறார்கள். வரத்தான் செய்கிறது.

அரசாங்கம் இல்லாவிட்டால் தோட்டம் இருக்கிறதே என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காரர். மரியாதையாகத்தான் பேசினார், உட்காரச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கிளாக்கர்களில் யாருக்கும் பட்டம் கிடையாது, உன்னை அவர்களுக்குக் கீழே போட்டால் அவர்களுக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம் என்றார். மேலே போடுவதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. லயத்தில் பிறந்தவனை ஆபீஸில் உட்கார வைக்கும் வழக்கம் அங்கே இல்லை என்பது எனக்குப் பாதி வழி இறங்கி வந்த பிறகுதான் உறைத்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வாத்தியார் வேலை. அதில் இருந்தவர் நல்ல திடகாத்திரமாக இருந்தார். கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதக் கூப்பிட்டார்கள். அவர்கள் தருவதாகச் சொன்னதில் கொழும்பில் அறையெடுத்துத் தங்கினால் பட்டினி கிடக்கவேண்டியதுதான்.

இதற்கிடையில் தோட்டத்துக் கண்டாக்கு, அதாவது மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கும் உத்தியோகத்தர், அப்பாவைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். பெயர் பதியாத வயது வந்த ஆள் லயத்தில் தங்கக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். விருந்தாளி என்று சொல்லி என்னை இத்தனை நாள் விட்டுவைத்திருக்கிறார்கள். மாரியம்மன் திருவிழா முடிகிறவரைக்கும் இருக்கட்டும். அதற்குப் பிறகு பெயரைப் பதிந்து மண்வெட்டியைப் பிடிக்கவேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளவேண்டும். அப்பா வந்து இதை அம்மாவிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. இருந்தது ஒரு காம்பரா. அம்மாவிடம் சொன்னால் என்ன, என்னிடம் சொன்னால் என்ன.

அந்த நாட்களில் நான் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஹட்டனுக்குப் போய்விடுவேன். டவுனில் பஸ், லொறி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கடை ஒன்று இருந்தது. நடத்தியவர் ஒரு சிங்களவர். எல்லோரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. அதனால் நாங்கள் நன்றாகவே பேசிக்கொண்டோம். கடை மூலையில் ஒரு பழைய ஆம்பிளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் தூசி பிடித்துக் கிடந்தன. யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவே இல்லையாம். வால்வுகளைப் பற்றி நான் பக்கம் பக்கமாகப் பரீட்சையில் எழுதியவன், ஆனால் ஒன்றைக் கையால் தொட்டவனில்லை. பாஸிடம் கேட்டு அதைப் பிரித்தேன். பிரித்ததைத் திரும்பப் பூட்ட முடியவில்லை. பிறகு பூட்டினேன், புகை வந்தது. படித்ததையெல்லாம் மறுபடி ஞாபகப்படுத்தி, ஒவ்வொரு கம்பியாகத் தொடர்ந்து போய்ப் பார்த்து, கடைசியில் ஒரு மத்தியானம் அதைப் பேச வைத்தேன். பாஸ் மைக்கைப் பிடுங்கி, ரோட்டில் போன பஸ் டிரைவர்களையெல்லாம் பெயர் சொல்லித் திட்டினார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கோ, கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்றுகூட அப்படி ஒரு நிறைவு இருந்ததில்லை.

அப்போது லயங்களில் கரண்ட் கிடையாது. இந்தச் செட்டு பஸ் பேட்டரியில் ஓடக்கூடியது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சங்கக் கூட்டம் என்று தோட்டங்களில் என்னதான் நடக்கவில்லை? இதுதான் என் தொழில் என்று முடிவு பண்ணினேன். பகலில் கடையைப் பார்த்துக்கொண்டால் செட்டை எடுத்துக்கொள்ளலாம், பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றித் தருகிறேன் என்றார் பாஸ். கடைக்கு மேலே ஓர் அறை இருந்தது. வாடகை கொடுக்க வழி பிறந்த அன்றைக்கு அங்கே குடிவந்துவிடலாம் என்றும் சொன்னார்.

தொழில் பிய்த்துக்கொண்டு போனது. வருமானம்தான் வரவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக் கல்யாணத்துக்கு முதலில் போனேன். தலையில் ஆம்பிளிஃபயரும் தோளில் குழாயுமாகப் போய்ச் சேர்ந்தவனைப் பார்த்ததும் பெண் வீட்டார் பதறிப்போனார்கள். பி.எஸ்ஸி. படித்தவர் சுமை தூக்கிக்கொண்டு வருவதா? என் கையிலிருந்ததையெல்லாம் பிடுங்கினார்கள். நாற்காலி போட்டார்கள், மாலை போட்டார்கள். குழாயைக் கட்ட நான் சவுக்கு மரத்தில் ஏறப் போனபோது மாப்பிள்ளையின் சித்தப்பா என் காலைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டார். முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் படிப்பின் அருமையைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். என்னுடைய மைக்கில், என்னுடைய பேட்டரியைத் தீர்த்துக்கொண்டு, நானே பேசினேன். கிளம்பும்போது ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து என் கையில் கொடுத்தார்கள். வாடகையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. ஏமாற்றவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குத் துளியும் இல்லை. என்னைப் போன்ற ஒருவனுக்குக் காசு கொடுப்பது என்னை அவமானப்படுத்துவது என்று அவர்கள் மனதார நம்பினார்கள். போன இடமெல்லாம் இதே கதைதான்.

தட்டுக்கு எங்கள் பக்கம் என்ன மதிப்பு என்று சொல்லவேண்டும். திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீர் விளையாட்டெல்லாம் முடிந்த மத்தியானத்தில், மாரியம்மன் முன்னால் வைத்துக் கோயில் கமிட்டித் தலைவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கோயில் மரியாதையான காளாஞ்சித் தட்டைக் கொடுப்பார். கங்காணிமாருக்குக் கிடைக்கும், கண்டாக்குக்குக் கிடைக்கும், கடைக்காரருக்குக் கிடைக்கும். கவ்வாத்து வெட்டுகிறவனுக்குக் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. அதே நேரத்தில் படிக்குக் கீழே இன்னொரு வரிசை நிற்கும். தப்பு மேளம் அடித்தவர்கள், முடிவெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர். அவர்களுக்குக் கூலி. மேலே தட்டு வாங்குகிறவன் கூலி வாங்கமாட்டான். கீழே கூலி வாங்குகிறவனுக்குத் தட்டு கிடையாது. கீழே நின்றவர்கள் குடியிருந்த லயத்தில் மற்றவர்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். ஒரே மலையில் ஒரே துரைக்கு வேலை செய்கிறவர்கள் நாங்கள். இருந்தாலும் அந்தப் படியை மட்டும் கழுவிக் கழுவிப் பத்திரமாக வைத்திருந்தோம்.

எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் என்னுடையதுதான் என்று கமிட்டி தீர்மானித்தது. நான் தலைவரிடம் போய் வாடகையைப் பேசிவிடலாம் என்று வாயெடுத்தேன். எங்கள் தலைவர் பெரிய கங்காணிதான். ஒங்ககிட்டப் போயி கூலி பேசுறதா தம்பி என்று என் முதுகில் தட்டிச் சிரித்துவிட்டு, இந்த வருஷம் உங்கள் வீட்டுக்குத்தான் தட்டு, அப்பாவும் மகனும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். பக்கத்துத் தோட்டங்களின் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் கடைசி நாளுக்கு விருந்தாளிகளாக வருவார்கள். எங்கள் தோட்டம் எனக்கு எதைக் கொடுக்கிறதோ அதைத்தான் அவர்களும் கொடுப்பார்கள். தட்டை வாங்கினால் ஆயுசுக்கும் தட்டுதான். பிறகு திருவிழா முடிந்த மறுநாள் நான் பெரட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அப்பாவுக்குத் தகவல் எனக்கு முன்பே போயிருந்தது. அன்று அவர் வேலைவிட்டு வந்தபோது நடையே வேறாக இருந்தது. உடனே ஹட்டனுக்குப் போய்ப் புதுச்சட்டை எடுத்துவர வேண்டும் என்றார். நான் தட்டை வாங்கப்போவதில்லை, கூலி கேட்கப்போகிறேன் என்று சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தணிந்த குரலில்தான் கேட்டார்.

“தப்புக்காரனோட போயி நிக்கப்போறியா?”

எல்லா வேலைக்கும்தான் காசு கொடுக்கிறார்கள் என்றேன் நான். கிளாக்கர் வாங்கவில்லையா, துரை வாங்கவில்லையா என்று கேட்டேன். படித்த திமிர் என் பேச்சில் இருந்திருக்கும்.

“அது சம்பளம்டா. கூலி வேற. கூலின்னு கைய நீட்டாத ஆளு ஒருத்தனாவது இந்தக் குடும்பத்துல இருக்கட்டும்னுதான் ஒன்னப் படிக்க வச்சேன்” என்றார் அப்பா.

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சம்பளத்துக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவருக்கு அது உடம்பால் தெரியும். ஆனால் எனக்குச் சம்பளம் தர இந்த நாட்டில் யாரும் இல்லை. அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். இந்த மாதிரிப் பேச்சுகளில் அவர் தலையிடுவது இல்லை. அன்றைக்குத் திரும்பிப் பார்க்காமலே ஒன்று சொன்னார்.

“தட்டுல வர்ற தேங்காய வச்சு எத்தன நாளைக்குச் சட்னி அரைக்கிறது?”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் புதுச்சட்டை வந்தது. நான் பேச்சுக்குச் சொன்னேன், செய்யமாட்டேன் என்று அவர் முடிவு பண்ணிக்கொண்டார் போலிருக்கிறது. நானும் அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை.

திருவிழா நடந்தது. கோயிலுக்கு மேலே இருந்த சவுக்கு மரத்தில் ஒரு குழாயையும், தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தமாதிரி இன்னொன்றையும் கட்டினேன். இந்தத் தடவை யாரையும் காலைப் பிடிக்க விடவில்லை. ‘பி.எஸ்ஸி மரமேறுது’ என்று பிள்ளைகள் கீழே நின்று கூவினார்கள். முதல் நாள் கரகம் பாலித்ததிலிருந்தே சத்தம் எதிர் மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று தோட்டத்தின் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் பாட்டுக் கேட்கவென்றே வந்தார்கள். வீட்டைவிட்டு நகர முடியாத கிழடுகள் படுத்த இடத்திலிருந்தே சாமிக்குக் கொட்டுவதைக் கேட்டார்களாம். தப்புக்காரர்களுக்குத்தான் என்மேல் கடுப்பு. அவர்கள் உயிரைக் கொடுத்து அடிக்க, நான் ஒரு குமிழைத் திருப்பினால் அவர்களுடைய சத்தம் காணாமல் போய்விடும். அவர்களில் மூத்தவர் என் ஆம்பிளிஃபயரைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசி நாள் மத்தியானம். மஞ்சள் தண்ணீரில் நனைந்த கூட்டம் கோயிலைச் சுற்றி நின்றது. பக்கத்துத் தோட்டத்துக் கமிட்டிக்காரர்கள் பாய் விரித்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்துப் பெயர்களைக் கூப்பிட்டார். கண்டாக்கு வாங்கினார், கடைக்காரர் வாங்கினார். பிறகு, நமது தோட்டத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பி.எஸ்ஸி. தம்பியும் அவருடைய தகப்பனாரும் வரவேண்டும் என்று ராகம்போட்டுக் கூப்பிட்டார். கூட்டம் கையைத் தட்டியது. அப்பா முன்னால் போனார். புதுச்சட்டையில் மடிப்பு இன்னும் கலையவில்லை. அம்மன் முன்னால் நின்று, தட்டை வாங்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நான் வந்து சேர்வதற்காகத் திரும்பிப் பார்த்தார்.

நான் ஆம்பிளிஃபயரை விட்டு எழுந்து போனேன். தலைவருக்குப் பக்கத்தில் போய் அவருக்கு மட்டும் கேட்கும்படிதான் சொல்ல நினைத்தேன். மைக் அவர் கையில் இருந்ததை யோசிக்கவில்லை.

“ஐயா, எனக்குத் தட்டு வேணாங்க. இத்தன நாளும் ஸ்பீக்கர் போட்டேன். அதுக்குக் கூலியக் குடுத்துருங்க.”

என் குரல் தொழிற்சாலைப் பக்கம் போய், எதிர் மலையில் பட்டு, கூலியக் குடுத்துருங்க என்று எனக்கே திரும்பி வந்தது. தோட்டம் முழுக்க அதைக் கேட்டது. கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தலைவருக்கு முகம் கறுத்தது. என்னிடம் பேசாமல் அப்பாவிடம் திரும்பி, என்னப்பா, உன் மகன் சபையில் வைத்து இப்படிப் பேசுகிறான் என்று கேட்டார். அப்பாவின் கைகள் அப்போதும் விரித்தபடியே இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். என்னை அறையப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கைகளை மெல்ல இறக்கினார்.

“அவன் சொல்றதுபடியே செஞ்சுருங்க. வேலை செஞ்சிருக்கான்ல. தட்ட வேற யாருக்காச்சும் குடுங்க.”

அதுவும் மைக்கில்தான் போயிற்று. அப்பா தன் ஆயுசில் மைக்கில் பேசியது அவ்வளவுதான்.

நான் படியிறங்கிப் போனேன். கூட்டம் எனக்கு வழிவிட்டதா, என்னைத் தொடாமல் ஒதுங்கியதா என்று சொல்லத் தெரியவில்லை. தப்புக்காரர்களில் மூத்தவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒங்க சத்தத்துல எங்க தப்பு எவனுக்குங்க கேட்டுச்சு? கடைசில போயி நில்லுங்க” என்றார்.

கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து வாங்கிக்கொண்டு போனார்கள். தலைவர் தானே வராமல் கமிட்டி ஆள் ஒருவரை அனுப்பியிருந்தார். என் முறை வந்தபோது நானும் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் நான் குழாயை அவிழ்க்க மரத்தடிக்குப் போவதற்குள், டிக்கோயாப் பக்கத்துக் கமிட்டிக்காரர் ஒருவர் பின்னாலேயே வந்துவிட்டார். சித்திரைத் திருவிழாவுக்கு எங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். இதற்கு முன் எனக்குத் தட்டு கொடுத்த தோட்டத்துக்காரர்தான் அவர். கேட்டபோது அவருக்கு ஒரு கூச்சம் இருந்தது, எனக்கும் இருந்தது. தொகையைச் சொன்னேன். அதிகம் என்றார். பேரம் பேசினார். ஒருவர் என்னிடம் பேரம் பேசுவதைக் கேட்டு எனக்குக் கண்ணில் நீர் வந்தது அன்றைக்குத்தான். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். பாஸ் கடைக்கு மேலே இருந்த அறை இனி எனக்குத்தான் என்று அந்த மரத்தடியிலேயே தெரிந்துவிட்டது. கண்டாக்குக்கும் இனி என்னைப் பற்றிய தொந்தரவு இல்லை.

சாமான்களைக் கோயிலில் வைத்துவிட்டு வீட்டுக்கு இறங்கும்போது, வழியில் தேயிலைக்கு நடுவே அப்பா நின்றிருந்தார். எனக்காகக் காத்திருந்தாரா, தனியாக வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நின்றாரா என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. என்னைக் கண்டதும் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே பேசினார்.

“அந்தத் தட்டு வந்தா காம்பராவுல எங்க வைக்கிறதுன்னு எடங்கூடப் பாத்து வச்சிருந்தேன்.”

அன்று எனக்கு வேண்டியது கிடைத்திருந்தது, அவருக்கு வேண்டியது போயிருந்தது. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்கினேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மன்னிச்சுக்குங்கப்பா என்று சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் செய்ததற்கு வருத்தப்படவில்லை. வருத்தப்படாதவன் மன்னிப்புக் கேட்பது அவரை இன்னும் ஏமாற்றுவதாகும் என்று பேசாமல் இருந்தேன். லயம் தெரிகிற இடத்துக்கு வந்ததும் அவர் நின்றார். கோயிலை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ கணக்குப் பிசகிவிட்ட மாதிரி ஒரு பார்வை.

“கூலி வாங்குறப்ப குனிஞ்ச. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார்.

எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள் என்றேன்.

“நாங்க அப்புடித்தான்டா வாங்குவோம். இத்தன படிச்சிட்டு நீயும் எதுக்குக் குனியிற? அடுத்த தோட்டத்துல நிமிந்து நின்னு வாங்கு.”

சொல்லிவிட்டு அவர் லயத்தைப் பார்த்து இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன். பிறகு டிக்கோயாவில், தலவாக்கலையில், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் என்று எத்தனையோ கைகளிலிருந்து கூலி வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் முதுகு தானாக வளையப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் அதைப் பிடித்து நிமிர்த்தவேண்டியிருந்தது. அது எனக்குப் பழக்கமாக வருவதற்குள் அப்பா போய்விட்டார்.